இடது பின்கதவுக் கண்ணாடி உடைந்த விவரம்

தேங்காய்ப்பட்டணம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகன் அமீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமியும் மகள் ஜஸீனாவும் சுகம். உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனை எடுத்தால் ஜஸீனா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவள் மூன்று சொல்லிவிடுகிறாள். அதனால் இன்று மாலை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு நஜ்முதீனிடம், மாமி வறுத்த நேந்திரங்காய் சிப்ஸோடு இதையும் கொடுத்து விடுகிறேன். சிப்ஸைத் தின்று முடித்த பிறகு படிக்கவும்.

விஷயம் உங்கள் காரைப் பற்றியது. பதற வேண்டாம், கார் இருக்கிறது. நீங்கள் முதல் லீவில் வந்தபோது வாங்கிய வண்டி. "சொந்தத் தம்பிமாருக்குகூட குடுக்கல்ல மாமா, உங்கள நம்பித் தாறேன்" என்று போன வருஷம் சாவியை என் கையில் வைத்தீர்கள். அன்று முதல் வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன்னால் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன், ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளியும் அப்படித்தான். வண்டியை ஓடவிட்டு, நான் தொழுகைக்கு ஒளூ செய்ய உள்ளே போயிருந்தேன். அன்று காற்று பலம். கிழக்கு மூலைத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுந்தது. வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே கான்கிரீட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தேங்காய் நேராக விழவில்லை. மதிலில் விழுந்து, மதிலிலிருந்து துணி துவைக்கும் கல்லில் தெறித்து, அங்கிருந்து வளைந்து உள்ளே வந்து இடது பின்கதவுக் கண்ணாடியில் மட்டும் அடித்துவிட்டது. கண்ணாடி கல்கண்டாக நொறுங்கி சீட்டெல்லாம் சிதறியது. அந்தத் தேங்காயைக் காட்ட முடியவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம், அன்றைக்கே மீன்குழம்புக்கு அரைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் ஷாஜன் வந்து கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, துகளையெல்லாம் வாரினான். வாரும்போது ஒரு கறுப்புச் சில்லை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த தேங்காயில கருங்கல்லு இருந்துதா சாரே?" என்று கேட்டான். நான் அவனுக்கு டீ கொண்டுவரச் சொன்னேன். இந்த மாடலுக்குக் கண்ணாடி இப்போது வருவதில்லையாம். நாகர்கோவிலில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைக்குப் போய், ஒரு கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கலிமா சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஷாஜன் பார்த்ததும், "இது வலத்த பக்கத்து உள்ளதாக்கும் சாரே" என்றான். திருப்பிப் போடப்படாதா என்று கேட்டேன். வளைவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்குமாம். மறுபடியும் பஸ், மறுபடியும் கலிமா. இரண்டாவது கண்ணாடி சரியான பக்கம்தான், ஆனா அதுல "அய்யா துணை"ன்னு ஒட்டியிருந்தது. பிளேடு வச்சுச் சுரண்டியாச்சு, இருந்தாலும் வெயில் பட்டா எழுத்து லேசாத் தெரியுது. அதைப் பொருத்தி, நான் ஆசையா ஒரு தடவை கைப்பிடியைச் சுத்தி இறக்கினேன், கண்ணாடி தடால்னு கதவுக்குள்ளே போயிட்டு. ஏத்தினா வரல்ல. ஷாஜன் திரும்பவும் அட்டையைக் கழட்டி, கீழே பிடிக்கிற கிளிப்பை முறுக்கிக் குடுத்தபிறகுதான் மேலே ஏறி வந்தது. இனி அந்தக் கண்ணாடியை யாரும் இறக்கப்படாதுன்னு நான் டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

இருபதாம் தேதி நீங்கள் லீவில் வருகிறீர்கள். வந்ததும் சாவியைத் திருப்பிக் கேட்டுவிடுவீர்களோ என்று இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தும் ஒருவரும் என்னை நம்பி அலமாரிச் சாவிகூடத் தந்ததில்லை. தேங்காய் விழுந்ததற்கு மனிதன் என்ன செய்வான், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ரப்பு உங்கள் ஆயுளையும் சம்பாத்தியத்தையும் நீளமாக்கி, பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். மாமி சலாம் சொல்லச் சொன்னாள்.

துஆவுடன்,
மாமா முஹம்மது ஷரீஃப்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ஜஸீனா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு உட்கார்ந்து சிரிக்கிறாள். கார் நிற்கும் இடத்தில் நீங்கள் மாட்டிய வெள்ளை உருண்டை கேமராவாம், உங்கள் போனில் எல்லாம் தெரியுமாம். நான் கொசு விரட்டுகிற கருவி என்று நினைத்து வாராவாரம் அதைத் துடைத்தும் வந்தேன். நஜ்முதீனின் டாக்ஸி வாசலில் ஹாரன் அடிக்கிறது, வேறு கடிதம் எழுத நேரமில்லை. ஆகவே மேலே தேங்காய் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் அம்மிக் குழவி என்று படிக்கவும். சாவியை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டேன், இன்ஜின் ஓடுது, பள்ளியில பாங்கு சொல்லியாச்சு, எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. நான் குழவியை ஓங்கும்போது மாமி மறுபக்கம் பூட்டாத கதவைத் திறந்து இன்ஜினை அணைத்ததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று சாயங்காலம் போன் செய்து, காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "மாமா, கை எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் தோள்பட்டை வாயுவைக் கேட்கிறீர்கள் என்று நினைத்து, தைலம் போட்டேன் என்றேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டீர்கள்.

கை ஆறிவிட்டது, மருமகனே.