பத்து நாள் பிள்ளைக்கு எழுபத்திரண்டு வயது

தர்மபுரத்தில் பச்சைப் பிள்ளைகளுக்கு வயது பார்க்கிற சாமி ஒருவர் வந்து இறங்கியிருந்தார். பிறந்த திகதியைப் பார்த்தால் தெரியாதோ என்று கேட்காதேயுங்கள். அப்படிக் கேட்கிறவர்கள் வரிசையில் நிற்பதில்லை. வரிசையோ றோட்டு வரை நின்றது. புதுக்குடியிருப்பிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள்.

எல்லாம் கிளினிக்கில் தொடங்கிய கதை. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வயிற்றுப் பிள்ளையையும் தாக்கலாம், பிறக்கும்போதே அதன் உடம்பு முதிர்ந்திருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது, இரத்தத்தில்தான் தேடவேண்டும் என்றார் மருத்துவமாது. சாமி அதில் மருந்தைக் கழித்துவிட்டு முதுமையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"கிழ ஆவி ஏறியிருக்கு. மருந்தில ஒரு பிழையும் இல்லை."

மிளகாய்த் தோட்ட முதலாளி கதிர்காமநாதன் உடனே கொட்டகை போட்டுக் கொடுத்தார். பக்திதான், வேறென்ன!

சுமித்திராவுக்கு ஏழு மாதம். மூத்தது வயிற்றில் இருக்கையில், மருந்தடித்த மறுநாளே அந்த மிளகாய்க்குள் குனிந்து புல்லுப் பிடுங்கியவள். மூத்தது எலிக்குஞ்சு மாதிரிப் பிறந்து, தப்பியதே பெரும்பாடு. இந்த முறை தோட்டத்தில் இறங்கமாட்டேன் என்று நின்றாள்.

"சாமியின்ர தீர்த்தத்தைக் குடிச்சிட்டு இறங்கு. ஒண்டும் செய்யாதாம்," என்றான் புருஷன் சஜீவன். "ஊரே குடிக்குது."

"ஊர் குடிக்கட்டும். நான் முதல்ல சாமியைச் சோதிக்கிறன்."

பிள்ளை பெற்ற துடக்குக் கழியமுன் பிள்ளையை வெளியே கொண்டுவரக் கூடாது. அதனால் சாமி பிள்ளை படுத்த துணியில்தான் வயது பார்ப்பார். மஞ்சள் தூவி, செம்புத் தண்ணீரைத் தெளிப்பார். சிவப்புப் பொட்டுகள் பூக்கும். எண்ணினால் வயது! மஞ்சளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கொட்டகைக்குள் நுழைந்ததும் மறந்துபோகும்.

பக்கத்து வீட்டு மீனம்மாவின் மகள் பெற்றுப் பத்து நாள். அந்தப் பிள்ளையின் துணியைச் சுமித்திரா இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதி மீனம்மாவின் கையில், மறுபாதி தன் கையில்.

மீனம்மா முதலில் நீட்டினாள்.

"எழுபத்திரண்டு! பழுத்த ஆவி," என்றார் சாமி. மீனம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று பேருக்குப் பின்னால் சுமித்திரா நீட்டினாள்.

"நாற்பத்தொன்று. பரவாயில்லை."

சுமித்திரா மீனம்மாவின் பாதியையும் வாங்கி, இரண்டையும் ஒட்டிப் பிடித்தாள். துணியில் இருந்த நீல யானைக்குத் தலை வந்து சேர்ந்தது.

"ஒரே பிள்ளையின்ர துணி, சாமி. மேல்பாதிக்கு எழுபத்திரண்டு, கீழ்பாதிக்கு நாற்பத்தொண்டோ?"

வரிசை குபீரென்று சிரித்தது.

"அவநம்பிக்கை! தீர்த்தம் குடி, தெளியும்!" என்று சாமி தீர்த்தம் நிரப்பிய வெள்ளைப் பிளாஸ்டிக் கானைத் தள்ளினார்.

லேபல் சுரண்டிய கான். மூடியில் மண்டையோட்டுப் படம் அப்படியே இருந்தது. முதலாளியின் மருந்துக் கொட்டிலில் கிடந்த கான். இப்படி ஒன்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் சுமித்திராவும் மூத்ததைச் சுமந்த காலத்தில் குடிதண்ணீர் கொண்டுபோனாள்.

"முதல் நீங்கள் ஒரு மிடறு குடியுங்கோ."

சாமி மூடியைப் பார்த்தார். கொட்டகை வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்தார்.

"எனக்கு இண்டைக்கு விரதம்."

"விரதமோ?" என்று பாய்ந்தாள் மீனம்மா. "இப்பதானே நாலு வடை திண்டனி!"

அதற்குப் பிறகு சாமி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், அவருக்கு வயது இருபதுக்கு மேல் சொல்ல முடியாது.

வரிசையில் நின்று எல்லாம் பார்த்த சஜீவன், வீட்டுக்கு வந்ததும் தங்கள் குடிதண்ணீர்க் கானைக் கத்தியால் கொத்தினான். "முதலாளி திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால்?"

"மருந்தில பிழையில்லாட்டி அவரின்ர மருமகளைத் தோட்டத்தில இறக்கச் சொல்லுங்கோ. அவாவுக்கும் ஏழு மாதம்தானே."

அந்த மருமகள் தோட்டத்துப் பக்கம் வந்ததுமில்லை, தீர்த்தத்தில் ஒரு சொட்டுக் குடித்ததுமில்லை. ஏனென்று வரிசையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.