நேரமில்லாத பயில்வான்

பயில்வான்களில் இரண்டு சாதி உண்டு. இரும்பைத் தூக்குகிறவர்கள் ஒரு சாதி. இரும்பைத் தூக்குவதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் மறு சாதி. முதலாவது சாதி அருகிக்கொண்டு வருகிறது. கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்தில் சிலரைப் பார்க்கலாம், ஆனால் தாங்கள் பயில்வான்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. இரண்டாவது சாதியோ பெருகிக் கிடக்கிறது. கல்முனைச் சந்தையில் நீங்கள் தடுக்கி விழுந்தால் அவர்களில் ஒருவர் மேல்தான் விழுவீர்கள். பயப்பட வேண்டாம், நோகாது. மெத்தென்று இருக்கும்.

இந்த இரண்டாம் சாதியாரை எப்படி அடையாளம் காண்பது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். நெஞ்சுக்கு முன்னால் வயிறு வந்து சேர்ந்துவிடும். போட்டோக்காரரைக் கண்டால் மூச்சை உள்ளே இழுப்பார், அவர் போகும்வரை விடமாட்டார், அதற்குள் முகம் பீட்றூட் நிறத்துக்கு வந்துவிடும். மெலிந்தவனைக் கண்டால் "சாப்பிடுறல்லியா?" என்பார், பருத்தவனைக் கண்டால் "உடம்பக் கவனிக்கோணும் தம்பி" என்பார். பேச்சை "அந்தக் காலத்துல நான்..." என்று தொடங்கி, "இப்ப நேரம்தான் இல்ல" என்று முடிப்பார். இடையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு வாய்ப்பனும் உள்ளே போயிருக்கும்.

நம்முடைய மக்கீன் முதலாளியையே எடுத்துக்கொள்ளுங்களேன். பெரிய றோட்டில் ஹாட்வெயார் கடை, சாகாமத்தில் வயல், பள்ளி நிருவாகத்தில் ஒரு கதிரை, விளையாட்டுக் கழகத்தில் தலைவர் பதவி. (விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவராக ஓடத் தெரிய வேண்டியதில்லை. பந்து வாங்கிக் கொடுத்தால் போதும்.) இத்தனை பொறுப்புள்ள மனிதருக்கு உடம்பைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? இல்லைதான். தமக்கு நேரமே இல்லை என்பதை நாலு பேருக்கு விளங்கப்படுத்துவதற்காக, தினமும் காலையில் ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடையில் அவர் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வைத்திருந்தார்.

அவருக்கு வயிறு வந்ததற்கு அவரை மட்டும் குறை சொல்வதும் பாவம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணுடையது, அடுப்பு மாமியுடையது, வயிறு மாத்திரம் மாப்பிள்ளையுடையது. வந்த மருமகன் எவ்வளவுக்குப் பருக்கிறாரோ அவ்வளவுக்கு மாமிக்கு ஊரில் மதிப்பு. மெலிந்தாரோ, போச்சு! "அந்த வீட்டில சோறு போடுறல்லியாம்" என்று அடுத்த ஒழுங்கை வரைக்கும் கதை போய்விடும். மக்கீன் மாப்பிள்ளையாக வந்து இறங்கும்போது சவுக்கங்கம்பு மாதிரித்தான் இருந்தார். மாமி மைமூனா ரோசக்காரி. மாட்டிறைச்சியும் நெய்ச்சோறுமாக, சில வருடத்துக்குள் தன்னுடைய மரியாதையை மருமகனின் இடுப்பைச் சுற்றிக் கட்டியெழுப்பிவிட்டார்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் அந்த வீட்டின் இளைய பெண்ணுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஜெமீல், குவைத்தில் கட்டிட வேலை செய்துவிட்டு வந்தவன். தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம், சேட்டுக் கைக்குள் புஜம் அடங்காது. பேச்சுவார்த்தைக்கு வந்த அன்று எல்லோருக்கும் ஏதாவது கொண்டுவந்தான். மாமிக்கு அத்தர், மூத்த மகளான மைனிக்குச் சேலை, வீட்டுக்கு மூத்த மருமகன் மக்கீனுக்கு இரண்டு டம்பெல்.

"காக்கா, ஒங்களுக்கு உடம்புல ஆசையெண்டு ஊரே சொல்லுது. அதான் இதக் கொண்டந்தன்" என்றான்.

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் டம்பெல்லைப் பார்த்தார்கள், பிறகு ஜெமீலின் புஜத்தைப் பார்த்தார்கள், கடைசியில் மக்கீனின் வயிற்றைப் பார்த்தார்கள். மக்கீனுக்கு உச்சி சூடேறியது. பத்து வருடமாக அந்த வீட்டில் ஒரே மருமகன் அவர்தான். மீன் தலை அவருக்கு, வாசற் கதிரை அவருக்கு, "மருமகன் என்ன சொல்றாரோ" என்ற கடைசி வார்த்தை அவருக்கு. இனி இன்னொரு மருமகனின் சோற்றுக் கோப்பை பக்கத்தில் வரப்போகிறது. ஊர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறது. காவின் எழுதுகிற கலியாணத்தன்று எடுக்கிற போட்டோவில் இரண்டு மருமக்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, அது சட்டம் போட்டு ஹோலில் தொங்கி, சாகும்வரை அவரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது. அந்தப் பயத்தில்தான் வாய் முந்திக்கொண்டது.

"தம்பி ஜெமீல், நான் கலியாணம் முடிக்கக்குள்ள போட்ட கோட்டு இன்னும் பெட்டிக்குள்ள இரிக்கி. ஒங்கட காவினண்டைக்கு அதப் போட்டுப் பொத்தானப் பூட்டித்தான் ஒங்கட கையப் புடிச்சி உள்ளுக்குக் கூட்டி வருவன். பாருங்க!"

மனைவி றாஹிலா கதவுக்குப் பின்னால் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளே பயிற்சி ஆரம்பமாயிற்று. முதலில் சாப்பாடு. முட்டையின் வெள்ளைக் கரு சதையை வளர்க்கும், மஞ்சட் கரு கொழுப்பை வளர்க்கும் என்று ஜெமீல் சொல்லியிருந்தான். ஆகவே காலையில் முதலாளிக்கு வெள்ளைக் கரு மட்டும்தான். அப்படியானால் மஞ்சட் கருவை என்ன செய்வது?

"எறியப்படாது! வீண் விரயம் ஹறாம்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

எறியவில்லை. முஸ்லிம் வீட்டில் முட்டை மிஞ்சினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? வட்டிலப்பம் நடந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலமும் சேர்ந்து ஆவியில் வெந்து, அஸர் தொழுதுவிட்டு வந்தவருக்கு முன்னால் வந்து நின்றது. பிள்ளைகளுக்குத் திகட்டிப்போய்விட்டது. மிஞ்சினால் வீண் விரயமல்லவா? காலையில் வெள்ளை, பின்னேரம் மஞ்சள். ஆக முழு முட்டையும் சேதாரமில்லாமல் அவரிடமே போய்ச் சேர்ந்தது. பகலில் சோற்றை நிறுத்திக் குரக்கன் ரொட்டிக்கு மாறினார். மாமி அழாக்குறையாக வந்து நின்றார்.

"மருமகன், நான் என்ன குத்தம் செஞ்சனெண்டு சோத்த ஒதுக்குறீங்க? ஊருக்கு நான் என்ன சொல்ற?"

அவர் இளகிய மனதுக்காரர். உடம்புக்காக ரொட்டியையும், மாமியின் மானத்துக்காகச் சோற்றையும் சாப்பிட்டார்.

அடுத்தது நடை. சுபஹ் தொழுகை முடிந்ததும் கடற்கரையில் நடப்பதென்று முடிவு. கடற்கரை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போனார், நேரமில்லையே! அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பதவி சும்மா இருக்க விடுமா? கயிற்றைப் பிடித்திருந்த கச்சிமுகம்மதுவிடம் போய் நின்றார்.

"முதுக வளைக்கப்படாது. மூச்ச அடக்கி, தொடையால இழுக்கோணும். அப்பதான் சதை ஏறும்."

"ஓம் முதலாளி. கயித்தில இடம் கிடக்கு, நீங்களும் ஒரு கை புடிச்சிக் காட்டுங்களன்."

"காட்டலாம். நேரம்தான் இல்ல" என்றுவிட்டு, வலை கரைக்கு வரும்வரை நின்று, நல்ல பாரை மீனாகப் பொறுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். வியர்த்திருந்தது. வெயில் ஏறிவிட்டதல்லவா?

டம்பெல்? தூக்காமல் விடவில்லை. முதல் நாள் தூக்கினார். இரண்டாம் நாள் கை நொந்தது. "ஓய்வும் பயிற்சியில ஒரு பகுதிதான்" என்று அறிவித்தார். அந்தப் பகுதியை மிகவும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். ஆனால் வருகிறவர்கள் கண்ணில் படவேண்டுமே என்பதற்காக இரண்டும் ஹோலின் நட்டநடுவில் பாய்மேல் கிடக்க வேண்டுமென்பது கட்டளை. காலையில் வீடு கூட்டும்போது றாஹிலா ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கி யன்னல் திட்டில் வைப்பாள். கூட்டி முடித்துத் திரும்ப நடுவில் வைப்பாள். பிள்ளைகள் விளையாட வந்தால் காலில் விழுந்துவிடும் என்று மேலே வைப்பாள். கடையிலிருந்து யாரும் வந்தால், "எங்க புள்ள என்ட இரும்பு?" என்று சத்தம் வரும், இறக்கி வைப்பாள். அந்தியில் மஃரிபுக்கு முன்னால் மறுபடி கூட்டுவாள். இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? வீட்டு வேலைதானே!

கலியாண நாள் வந்தது. கோட்டை வெளியில் எடுத்தார்கள். கைகள் உள்ளே போயின. தோள் போயிற்று. முன்பக்கத்து இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றன.

"மூச்ச உள்ளுக்கு இழுங்க" என்றாள் றாஹிலா.

"இழுத்துட்டுத்தான் புள்ள நிக்கிறன்" என்றார் அவர். கண்ணாடியில் தன்னைப் பார்த்தவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஜெமீலும், அவனுடைய ஆட்களும், அந்தப் பாழாய்ப்போன போட்டோக்காரனும் ஒன்றாக வரப்போகிறார்கள். கோட்டைத் திறந்தபடி போட்டுக்கொண்டு, உப்புப் பார்க்கிற சாட்டில் வீட்டுக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்துக்கு ஒதுங்கிப்போனார்.

அங்கே ஒரே அமளி. புரியாணிக் கிடாரத்துக்குக் கீழே நெருப்புக் கூடி, அடிப்பிடிக்கிற மணம் வரத் தொடங்கியிருந்தது. உடனே இறக்க வேண்டும். ஆம்பிளைகளெல்லாம் மாப்பிள்ளையை வரவேற்க றோட்டுக்குப் போய்விட்டார்கள். சமையல்காரி உம்மு கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"விலகுங்க!" என்றார் மக்கீன். "பயிற்சி எடுத்த ஆள் நான் இரிக்கக்குள்ள என்ன பயம்?"

கிடாரத்தின் ஒரு காதைத் துணியால் பிடித்தார். மறு காதை உம்மு பிடித்தாள். மூச்சை அடக்கினார். குனிந்து பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினார். 'டர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோட்டின் முதுகுத் தையல் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் போயிற்று. கிடாரம் அசையவில்லை. முதலாளியும் அசையவில்லை; இடுப்புப் பிடித்துவிட்டது.

"யா அல்லாஹ்! தள்ளுங்க நீங்க" என்று றாஹிலா வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். அவள் ஒரு காது, உம்மு ஒரு காது. கிடாரம் எழுந்து, பக்கத்திலிருந்த கற்களில் பேசாமல் போய் உட்கார்ந்தது. மைமூனா வாயைப் பிளந்தார்.

"எப்ப புள்ள ஒனக்கு இவ்வளவு பெலம் வந்த?"

"ஒரு நாளைக்குப் பத்துத்தரம் அந்த இரும்பத் தூக்கித் தூக்கி வெக்கிறது ஆரும்மா? நான்தானே!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. மக்கீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் ஒரு விசயம் தெரிந்தது: முதுகு திறந்துகொண்டதால் முன்பக்கம் தாராளமாகிவிட்டது. பொத்தானைப் பூட்டிப் பார்த்தார். பூட்டிற்று! மனிதருக்கு உயிர் வந்தது.

"புள்ள, ஊசி நூலெடுத்து இந்த முதுக ஒரு இழை இழுத்து உடுங்க, மாப்பிள்ளை வந்துட்டாரு."

றாஹிலா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியே பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு நேரமில்லங்க."

மக்கீன் முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொத்தான் பூட்டிய கோட்டோடு, இடுப்புப் பிடித்ததால் வளையவும் முடியாமல் பட்டாளத்துக்காரரைப் போல நிமிர்ந்து, ஜெமீலின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். முன்னால் நின்ற போட்டோக்காரர் அசந்துபோய் "மாஷா அல்லாஹ்!" என்றார். ஆனால் முன்னால் நின்றது அவர் ஒருவர்தான். ஊர் முழுவதும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அந்தப் போட்டோ இன்றைக்கும் ஹோலில் தொங்குகிறது. முதலாளி அதைக் காட்டித்தான் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மாருக்குப் புத்தி சொல்கிறார். றாஹிலா கிடாரம் தூக்கிய கதையை யாராவது எடுத்தால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: "ஆரு பழக்கின? நான்தானே பழக்கின!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. போன பெருநாளைக்குப் பிறகு நீங்களும் ஏதோ வாங்கினீர்களே, நெஞ்சுக்கு இழுக்கிற ஸ்ப்ரிங்கோ டம்பெல்லோ, அது கட்டிலுக்குக் கீழேதானே கிடக்கிறது? இன்று காலையில் வீடு கூட்டும்போது அதைத் தூக்கி வைத்தது யாரென்று உள்ளே கூப்பிட்டு ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது கொஞ்சம் மரியாதையாகக் கேளுங்கள், அவருடைய கையில் இப்போது உங்களை விடப் பலம் இருக்கிறது.