கியர் குமிழும் இறக்காத கும்பிடும்

ஒரு கோயமுத்தூர்க்காரனிடம் உடைந்த சாமானைக் காட்டி, "இதை யாருகிட்டக் குடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்குங்க குடுக்கோணும்? நானே பண்ணிப்போடறேன்" என்பான். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு எல்லா வேலையும் தெரியும். எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும். தொண்ணூறுகளில் பெண் பார்க்கப் போன அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது.

பெண்ணுக்குக் கோபிசெட்டிபாளையம். போட்டோவைப் பார்த்ததுமே இவளைத்தான் கட்டுவது என்று முடிவு கட்டிவிட்டேன். (அவளுக்கு இது தெரியாது.) தாய்மாமன் தன் காரைக் கொடுத்தார். நல்ல கார்தான். கியர் ராடின் தலையில் அவர் ஆசையாகக் கடைந்து மாட்டிய தேக்குக் குமிழ் மட்டும் பாலிஷ் உரிந்து, சொறி பிடித்த மாதிரி இருந்தது.

"உடுங்க மாமா, பளபளன்னு பண்ணிப்போடறேன்."

"பட்டறையில குடுத்தா அவங்களே..."

"நானிருக்கறப்ப எதுக்கு மாமா பட்டறை?"

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மரம் வறண்டு தெரிந்தது. முடி வறண்டால் தேங்காயெண்ணெய் வைக்கிறோம், மரத்துக்கு வைத்தால் என்ன? வழிய வழியத் தடவி, அதன்மேலேயே வார்னிஷைக் கெட்டியாகப் பூசினேன். எண்ணெய்க்கு மேல் வார்னிஷ் காயாதாம். (இது உலகத்துக்கே தெரியுமாம்!) மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன்; மேலாகக் காய்ந்திருந்தது. இறுக்கினால் பூச்சு போய்விடுமே என்று லேசாகத் திருகி மாட்டினேன். என்ன பளபளப்பு தெரியுமா! அதை மட்டும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவையும் மாமாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். அவிநாசி தாண்டியதும் வெயில் ஏறியது. இடது உள்ளங்கை பிசுபிசுத்தது. நம்பியூரில் கை குமிழை விட்டு வரமாட்டேன் என்றது. பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கையை இழுத்தேன். ராடு அங்கேயே நின்றது, குமிழ் என்னோடு வந்துவிட்டது.

அதற்குள் பெண்ணின் அப்பா கார்க் கதவைத் திறந்து, "வாங்க தம்பி, வாங்க" என்று கும்பிட்டார். பெரியவருக்கு ஒற்றைக் கையையா தூக்குவது? குமிழை நடுவில் வைத்து இரண்டு கையாலும் கும்பிட்டேன். வலது கையும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் 'வாங்க' சொன்னால் போதாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்வார்கள். நாமும் தனித்தனியாகக் கும்பிட வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று எல்லாருக்கும் எடுத்த கும்பிடை இறக்காமலே சுற்றி வந்தேன்.

"பையனுக்கு என்ன பணிவு பாருங்க!" என்று ஓர் அத்தை உருகினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா மட்டும் என் கையையே உற்றுப் பார்த்தார்.

காபி வந்தது. கொண்டுவந்தவள் அவள்.

"எடுத்துக்குங்க."

"பரவால்லீங்க," என்றேன், கும்பிட்டபடியே.

"ஆறிப்போயிருமுங்க."

"இருக்கட்டுங்க."

வியர்த்துக் கொட்டியது. போச்சு, இந்தச் சம்பந்தம் போயே போச்சு என்று அழுகையே வந்துவிட்டது. அவள் குனிந்து என் விரல் இடுக்கில் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, கொஞ்சம் தேங்காயெண்ணெ கொண்டாங்க. இவிகளுக்குக் கை ஒட்டிக்கிச்சு!"

வீடே சிரித்தது. அதிலும் மாமாவின் குரல் தனியாகக் கேட்டது: "அடப்பாவி, என்ற கியர் குண்டு!"

எண்ணெய் ஊற்றி, என் வருங்கால மாமனாரே ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்டபோது, "இத்தன நேரம் கையக் கீழ போடாம நின்னாரே, அதுக்கே கட்டிக்கலாமுங்கப்பா" என்றாளாம். திரும்பும்போது காரை மாமாவே ஓட்டினார். என் விரல் தடம் பதிந்த அந்தக் குமிழைத் தேய்க்க அவர் யாரையும் விடவில்லை. வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டிக் கதை சொன்னார்.

போன வாரம் குக்கர் கைப்பிடி ஆடியது. "குடு, நானே பண்ணிப்போடறேன்" என்றேன். அவள் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.