மந்திரிக்குப் பாயசம் வேண்டாம்

இந்தப் பூமியில் நன்றி சொல்லிச் சொல்லியே நோகடிக்கப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வேண்டாம் டாக்டர்தான். திட்டு வாங்கி நொந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கைபேசியில் வரும் கும்பிடு பொம்மைகளைப் பார்த்து ஒருவர் பல்லை நறநறவென்று கடித்ததைக் கொச்சி மட்டாஞ்சேரியில்தான் பார்த்தேன்.

மிளகு, சுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, தென்காசியிலிருந்து போய் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவர் ரிட்டயரான மிருக டாக்டர். எப்போதோ குடியேறிய தமிழர்கள் நிறைந்த அந்தத் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நாயோ பூனையோ லேசாகத் தும்மினால்கூட அதில் டாக்டரைக் கூப்பிடுவார்கள். அவர் பதில் "வேண்டாம்" என்றுதான் தொடங்கும். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் எழுத மாட்டார், பேசி அனுப்புவார். எழுதித்தான் என்ன பயன்? தெருவில் இளவட்டங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெரியவர்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆகவே நீள நீளமான குரல் பதிவுகள் வரும். பூனையின் ஈரலில் ஆரம்பித்துப் பரம்பரை வரைக்கும் போவார், நடுவில் குக்கர் விசிலடிக்கும். எல்லோரும் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் அவரிடம் முதன்முதலாக நேரில் பேசிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஐயோ, டாக்டர் சாருக்கு என்ன பற்றி, என்ன ஆச்சு? வாதம் கீதம் வந்துட்டா? இத்தன மெதுவாப் பேசறாரே!"

கேட்பார்களே தவிர, செய்ய மாட்டார்கள். "பூனைக்கு வாந்தி. பால் கொடுக்கலாமா டாக்டரே?" என்று ஒருவர் கேட்டார். "வேண்டாம்" என்று தொடங்கி டாக்டர் விளக்கினார். கும்பிடு பொம்மை வந்தது. சற்று நேரத்தில் அதே ஆள், "பால் கொடுத்தேன் டாக்டரே, பின்னயும் வாந்தி. இனி தயிர் கொடுக்கட்டா?" என்றார். இன்னொரு வீட்டில் நாய்க்குப் பிறந்தநாள். தொப்பி போட்ட நாய் சாக்லெட் கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. டாக்டர் அலறியடித்து, "கேக் வேண்டாம், அது நாய்க்கு விஷம்" என்று பேசி அனுப்பினார். "வாழ்த்துக்கு நன்றி டாக்டர் அங்கிள்" என்று பதில் வந்தது. அப்புறம் அவரே நேரில் போய்க் கேக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, படிச்சது நான். ஆனா இடப்பள்ளி மால்ல நாய்ச் சங்கிலி விக்கிற பையன் சொன்னாத்தான் இவங்களுக்கு வேதம், கேட்டியா?" என்பார். சொல்லும்போது மூக்கு சிவந்துவிடும்.

இதெல்லாம் சில்லறை. அவருடைய உண்மையான கவலை மந்திரி.

மந்திரி ஒரு கிடா. பஜாரில் சாயாக்கடை வைத்திருந்த பாப்பாத்தியக்காவின் சொத்து, பிள்ளை, காவல் எல்லாம் அதுதான். மட்டாஞ்சேரியில் ஆடுகள் தெருவில் தம்பாட்டுக்குத் திரியும், யாரும் ஏனென்று கேட்பதில்லை. இந்தக் கிடா நடுரோட்டில் நின்றால் லாரிகள் ஒதுங்கிப் போகும், அதனால் மந்திரி. ஓணத்தன்று வீட்டுக்கு வீடு மிச்சச் சோற்றையும் பாயசத்தையும் இலையோடு அதன் முன்னால் வைப்பார்கள். ஓர் ஓணத்துக்கு அத்தனையையும் தின்று, வயிறு பறையாக உப்பி, ரோட்டிலேயே சாய்ந்துவிட்டது. டாக்டர் புது வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்து, மருந்தைக் கரைத்து ஊற்றி, விலாவை உருவி உருவிப் பிழைக்க வைத்தார். "வயசாயிட்டு இதுக்கு. இன்னொரு தடவை இப்படின்னா என்னால காப்பாத்த முடியாது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மறு ஓணம் நெருங்கியது. டாக்டர் தினமும் பேசி அனுப்பினார். "வேண்டாம். சோறு வேண்டாம், பாயசம் வேண்டாம். ஆட்டு வயிறு அரிசி குடோன் இல்லை. உள்ளே போனா புளிச்சுப் பொங்கி உயிரை எடுத்துடும்." பதிலுக்குப் பூக்கோலப் படங்களும் ஓணாசம்ச வாழ்த்துகளும் வந்து குவிந்தன. பாப்பாத்தியக்காவிடம் நேரிலேயே போனார்.

"அக்கா, ஓணத்தன்னிக்கு மட்டும் கட்டிப் போடு."

"கட்டினா தெருவே கேக்கக் கத்தும் சாரே. ஆசையா குடுக்கறாங்க, எப்படி வேணாங்கறது? அதுக்கும் ஓணந்தானே?"

டாக்டர் வீட்டுக்கு வந்தார், குழுவிலிருந்து விலகினார். தெருவில் யாரும் கவனிக்கவில்லை. கோழிக்குச் சளி என்று மறுநாளும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ கீழே ஜன்னலோரம் உட்கார்ந்து, மந்திரி போகும்போதெல்லாம் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை, ஆத்திரமாகவும் வந்தது.

அன்று மாலை, மந்திரியைப் பற்றி அவர் குழுவில் பேசி அனுப்பியிருந்ததை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். தலையில் சிவப்பு விளக்குப் படம் நாலைந்து போட்டு, "லண்டன் டாக்டர் சொன்ன ரகசியம்! அழிப்பதற்குள் படியுங்கள்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!" என்று சேர்த்தேன். திருப்பூணித்துறையில் இருக்கும் என் நண்பனுக்கு அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

சரக்கு ஊரைச் சுற்றிவிட்டு இரண்டே நாளில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. யாரோ மலையாளத்திலும் போட்டிருந்தார்கள். லண்டன் டாக்டர் வழியில் எங்கேயோ அமெரிக்கா போயிருந்தார். பலமுறை பகிரப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறியும் ஏறியிருந்தது. அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

ஓணத்தன்று மந்திரி வழக்கம்போல் பவனி கிளம்பியது. முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் இலையைச் சுருட்டி ஒளித்தார்கள். நாய்க்குக் கேக் வைத்த வீட்டுக்காரரே கம்போடு காவல் நின்றார். தேர்தலில் தோற்ற முகத்தோடு மந்திரி சாயாக்கடைக்குத் திரும்பியபோது, நானும் டாக்டரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். பாப்பாத்தியக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சாரே, ஒரு காரியம் தெரியுமா? ஆட்டுக்குப் பாயசம் ஆகாதாம். உசுரே போயிருமாம். அமெரிக்காவுல ஒரு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்களும் டாக்டராச்சே, தெரிஞ்சுக்கிடணும்ல? அனுப்பட்டா?"

டாக்டரின் மூக்கு சிவந்தது. இன்றைக்கு அக்கா தொலைந்தாள் என்று நினைத்தேன்.

"அனுப்பு" என்றார்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். 'அரிசி குடோன்' வந்த இடத்தில் கண் நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மும்முரமாகச் சாயாவை ஆற்றினேன்.

"அக்கா, இந்த அமெரிக்காக்காரன் விஷயம் தெரிஞ்சவன். அவன் சொல்றபடியே செய்" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு கொத்துப் பலா இலையை எடுத்து மந்திரிக்கு நீட்டினார். அது தின்று முடிக்கும்வரை அதன் விலாவைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பையில் கைபேசி கிணுகிணுத்தது. பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்ன அந்தச் செய்தியை டாக்டர் முதல் ஆளாக எனக்கு அனுப்பியிருந்தார்.

மறுநாளே மறுபடியும் குழுவில் சேர்ந்துவிட்டார். பிற்பாடு நான் சென்னைக்கு வந்துவிட்டேன், ஆனால் குழுவை விடவில்லை. "வேண்டாம்" என்று இப்போதும் பதிவுகள் வருகின்றன. என்னிடம் நாயுமில்லை, பூனையுமில்லை. ஆனாலும் ஓரமாக உட்கார்ந்து, வேகத்தைக் கூட்டாமல், குக்கர் விசில் வரைக்கும் முழுசாகக் கேட்கிறேன்.