காயப் புத்தகத்தில் பதினொரு பேர்

ராயப்பன் அந்தப் புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் புரட்டினார். மூன்று வருஷத்துப் பக்கங்களும் சலவைக்குப் போய்வந்த வேட்டிபோல வெளுப்பாக இருந்தன.

ராசிபுரத்துப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் அவர் ரைட்டர். வேலையில் யாருக்கு அடிபட்டாலும், நோய் வந்தாலும் அந்தக் காயப் புத்தகத்தில் எழுதவேண்டியவர். எழுத ஒன்றுமே நடக்கவில்லை என்பதில் நேற்றுவரை அவருக்குப் பெருமைதான். உள்ளே போனால் வேட்டியில் மாவு ஒட்டும் என்று அவர் ஆபீஸ் அறையைவிட்டு இறங்குவதே இல்லை என்பது வேறு விஷயம்.

"பத்து மணிக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வாராருங்க," என்றார் முதலாளி சென்னிமலை. "பக்கத்து ஆலையில வெறும் புத்தகத்தப் பாத்துட்டு, மறைக்கிறீங்கன்னு கேஸ் போட்டுட்டாராம்."

"நமக்கு நெசமாவே ஒண்ணும் ஆகலீங்களே."

"அத அவரு நம்போணுமே. நாலு காயம் எழுதி வைங்க. கேஸுன்னு வந்தா, எழுதாத ரைட்டரத்தான் கைகாட்டுவேன்."

ராயப்பனின் மகள் ரோசிக்கு, மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முன் அப்பனுக்கு வேலை போனால் மாப்பிள்ளை வீடு என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும்.

மளமளவென்று நாலு பேருக்கு நாலு காயம் எழுதினார். மையை ஊதும்போதுதான் உறைத்தது: இன்ஸ்பெக்டர் ஆளைக் கூப்பிடு என்றால்? நாலு பேரையும் வரவழைத்தார்.

"சும்மா பேருக்குத்தான். துணி தாரேன், நீங்களே கட்டிக்கங்க."

"எனக்கு என்னங்க எழுதியிருக்கீங்க?" என்றான் வறுவல்காரன் கருப்பண்ணன்.

"சுண்டுவிரல்."

"வேண்டாமுங்க. இடது முழங்கையில போடுங்க. வறுக்கற தட்டுல சுட்டது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநா."

தேதியோடு என்ன கற்பனை என்று அசந்துபோய் அடித்துத் திருத்தினார் ராயப்பன். "செல்லியம்மா, உனக்கு எங்க?"

"கால் விரலிடுக்குல எழுதுங்க சாமி. மாவுத் தொட்டித் தண்ணியில நின்னு நின்னு புண்ணு."

"கால்ல கட்டுனா யாருக்குத் தெரியும்?"

"நடந்தாத் தெரியும் சாமி."

சேலைக் கடையில்கூட இவ்வளவு பிடிவாதம் பிடிக்கமாட்டார்கள் என்று முனகிக்கொண்டே அதையும் திருத்தினார்.

சேதி உள்ளே பரவியது. "அவளுக்கு மட்டும் எழுதினீங்க, எனக்கு?" என்று வாசலில் வரிசை நின்றுவிட்டது. விரட்டினால் கூச்சல் போடுவார்கள். "உனக்கு எங்க? உனக்கு எங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதியதில் நாலு பதினொன்றானது. மருந்துப் பெட்டியில் ஒரு செத்த கரப்பான்தான் இருந்தது. துண்டைக் கிழித்தார். போதாமல் முதலாளியின் அங்கவஸ்திரத்தையும் கிழித்தார். நாலு பொய்யென்றால் சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கையில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பதினொன்றுக்கு முட்டி தேய்ந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார்.

"பாதி ஆலை கட்டோட நிக்குது. நாடகம் ஏதும் போடறீங்களா? எல்லாரும் கட்டை அவுருங்க."

ராயப்பனின் உதடு தானாக அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் கருப்பண்ணன் முழங்கையைக் குனிந்து பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அடுத்து செல்லியம்மாள் கால். இப்படியே பதினொரு பேர். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"எழுதினபடியேதான் இருக்கு. அடித்தல் திருத்தலைப் பாத்தாலே தெரியுது, ஒவ்வொருத்தரா விசாரிச்சு எழுதியிருக்கீங்க." முதலாளி பக்கம் திரும்பினார். "எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் நானே வந்து பாப்பேன்."

ஜீப் போனது. ராயப்பன் முதல்தடவையாகக் களத்தில் இறங்கினார். வேட்டியில் மாவு ஒட்டியது. வெந்து சுருங்கிய தோலையும் வெளுத்து வெடித்த விரலிடுக்குகளையும் பார்த்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் வேலையக் காப்பாத்த இப்படியா எல்லாரும் சுட்டும் கீறியும் வச்சுக்கிட்டீங்க?"

கிழங்குத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்த அங்காளம்மாள் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"உங்களுக்காக யாருங்க சுட்டுக்கிட்டாங்க? மூணு வருசத்துல இன்னிக்குத்தானுங்களே, உனக்கு எங்கன்னு கேட்டீங்க."