வரும் ஞாயிறு மரித்தவர்

சீட்டில் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. பெயர் ஸ்டான்லி. பிறந்த தேதி 3-4-1893. மரித்த தேதி 11-10-1931.

அய்யாக்கண்ணு உளியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அன்றைக்குத் திங்கட்கிழமை, ஐந்தாம் தேதி. ஆள் சாவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"தேதி தப்பா எழுதிட்டீங்கம்மா" என்றார்.

"தப்பெல்லாம் இல்ல மேஸ்திரி" என்றாள் ஜெயசுந்தரி. "சண்டே காலைல ஏழு மணிக்கு. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"சாகறது யாரு?"

"எங்க வீட்டுக்காரருதான்."

ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்சந்தில் அவர் வீடு. கொல்லையில் நாலு மூங்கில், மேலே இரண்டு தகரம், அவ்வளவுதான் பட்டறை. அம்மி, ஆட்டுக்கல், ரயில்வேக்காரர்களுக்கு எல்லைக் கல் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கல்லறைக் கல் இதுதான் முதல் தடவை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியும் ஊர்ப் பாஷையில் அவருக்குத் தெரிந்தவை இரண்டே வார்த்தைகள். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம், இல்லை எல்லாவற்றுக்கும் ‘நக்கோ’.

ஆனால் சந்தேகப்படப் பாஷை எதற்கு? பால்காரன் சிரித்தால், பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்பார். சிரிக்காவிட்டால், மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறான் என்பார். இது அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எப்படிம்மா சாவாரு?" என்று மெல்லக் கேட்டார்.

"ஹப்சிகுடா பக்கம் ஏரி இருக்குல்லா, அங்க. ஐயரே தண்ணிக்குள்ள எறங்கி முக்கிருவாரு. பழைய மனுஷன் அதோட அடக்கம். நான் புது மனுஷனோட வீட்டுக்கு வந்துருவேன்."

"புது மனுஷனா!"

"பின்ன? பதினெட்டு வருஷம் இந்தப் பழைய மனுஷனோட நான் பட்ட பாடு போதும். கல்லை எங்க வாசப்படிக்குப் பக்கத்துலயே நட்டுருங்க. வெளிய யார்கிட்டயும் சொல்ல நக்கோ. சண்டே வரைக்கும் ரகசியமா இருக்கட்டும்."

அவள் போன பிறகும் அய்யாக்கண்ணு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் சோற்றில் கை வைத்ததும் மனைவி கனகவல்லியிடம் கொட்டிவிட்டார். "ஒரு ஐயரு ஆளை ஏரியில முக்கிக் கொல்லப் போறாராம்டி. புது மனுஷன் வேற தயாரா கீறானாம்."

கனகவல்லி வாயில் அகப்பட்ட கல்தூளைத் துப்பினாள். அந்த வீட்டில் ரசத்திலும் கல்தூள்தான். "ஐயரு எதுக்கு ஆளை முக்கறாரு? உனக்கு வேற வேலை இல்ல. போன மாசம் நான் கனகாம்பரம் வெச்சதுக்கே மூணு நாளு விசாரணை பண்ண ஆளாச்சே நீ."

"சிரிக்காத. நாளைக்குப் பொணம் மெதந்தா, சாவறதுக்கு முன்னாடியே சாவுத் தேதி வெட்டினவன் யாருன்னுதான் போலீஸ் மொதல்ல கேக்கும். என் கழுத்துக்குத்தான் கயிறு."

கனகவல்லி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை ஜெயசுந்தரி வந்தபோது, கல் நடுவில் பிளந்துவிட்டது, வேறு கல் கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்று பொய் சொன்னார். கல் இல்லாவிட்டால் கொலையும் தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு.

அவள் பட்டறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "அதோ அந்தச் சின்னக் கல் போதும் மேஸ்திரி. அதுவும் ஆகலைன்னா பரவாயில்ல. ஆளை முதல்ல முக்கிருவோம், கல்லைப் பொறவு நட்டுக்கிடலாம்."

அய்யாக்கண்ணுவுக்கு அன்று உளி பிடிக்கவே கை வரவில்லை. ஸ்டான்லியை அவருக்குப் பார்த்த பழக்கம் உண்டு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாயங்காலமானால் கள்ளுக் காம்பவுண்டிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே வீடு திரும்புவார். யாருக்கும் கெடுதல் செய்யாத மனிதர். அவரைப் போய்!

புதன்கிழமை சங்கு ஊதியதும் ஒர்க்‌ஷாப் வாசலில் அவரை மடக்கி, ஒரு வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னார்.

ஸ்டான்லி கூச்சல் போடவில்லை. பெருமூச்சுதான் விட்டார்.

"உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? ஹவ் மேஸ்திரி, எல்லாம் நிசந்தான். ஐயருக்கு ரொம்ப நாளா என் மேல கண்ணு."

"ஓடிப் போயிடுங்க!"

"எங்க ஓடுறது? வேலை இங்கல்லா இருக்கு? அன்னைக்கு இருபது பேரு வருவாங்க. கரையில நின்னு பாட்டுப் பாடுவாங்க. நான் கத்தினாலும் வெளிய கேக்காது."

"அடப்பாவிங்களா! போலீசுக்குப் போலாம், வாங்க."

"நக்கோ, நக்கோ. என்ன இருந்தாலும் தாலி கட்டினவ." ஸ்டான்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகிறவர் நின்று திரும்பி, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"கெணத்துல நீஞ்சுவேன்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சாகப் போகிற நேரத்திலும் பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெரிய மனதை நினைத்து அய்யாக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார்.

வியாழக்கிழமை நேராக ஜெயசுந்தரியின் வீட்டுக்கே போய், அவளைப் பயமுறுத்திப் பார்த்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். கடைசி நேரத்துல அவரு திமிறினா இன்னா பண்ணுவீங்க?"

ஜெயசுந்தரியின் முகம் மாறியது. "அப்படியா? நல்லவேளை சொன்னீங்க மேஸ்திரி. கையைப் பிடிச்சுக்கிட ரெண்டு தடியனை ஏற்பாடு பண்ணிருதேன்."

கொலைக்கு யோசனை சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் பெயரையும் தேதியையும் வெட்டி முடித்தார்.

சனிக்கிழமை காலையில் போலீஸ் சௌக்கிக்குப் போனார். அங்கே ஒரே ஒரு கான்ஸ்டபிள் பூரி தின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அய்யாக்கண்ணு கழுத்தைப் பிடித்துக்கொண்டார், தண்ணீரில் முங்குவது போலக் குனிந்தார், நாக்கைத் துருத்திக் காட்டினார். கான்ஸ்டபிள் இடது கையை வீசி, "கல் ஆவ், கல் ஆவ்" என்றார்.

அந்த ஊரில் கல் என்றால் நாளை. நாளைக்கு வா என்றுதான் அவர் சொன்னார். ஆனால் முப்பது வருஷமாகக் கல்லோடு மாரடிக்கிற மனிதருக்கு அந்தச் சொல் வேறு எப்படிக் கேட்கும்?

‘கல்லைக் கேக்கறாரு! சாட்சிக்குக் கேக்கறாரு! கெட்டிக்காரரு’ என்று மகிழ்ந்து, வீட்டுக்கு ஓடிப் போய்க் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சௌக்கி வாசலில் நிறுத்தினார்.

கான்ஸ்டபிள் வெளியே வந்தார். கல்லைப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரிந்தது. தேதியில் விரலை வைத்தார். "மர் கயா?" என்று கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

செத்தாரா என்கிறார். "நக்கோ" என்றார் அய்யாக்கண்ணு.

"கல் மரேகா?"

நாளைக்குச் சாவாரா என்பது கேள்வி. கல் என்றது மட்டும் காதில் விழுந்ததும் அய்யாக்கண்ணுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஹவ்! ஹவ்!"

கான்ஸ்டபிளின் புருவம் உயர்ந்தது. விரல் அய்யாக்கண்ணுவின் மார்புக்கு நேராக வந்தது. "கோன் மாரேகா? தூ?"

கொல்லப் போவது யார், நீயா என்று அர்த்தம். நம்மவருக்கோ, இதை வெட்டியது யார் என்று கேட்பதாகப் பட்டது. அய்யாக்கண்ணு நெஞ்சில் கை வைத்துக் கொஞ்சம் பெருமையோடு, "ஹவ்" என்றார்.

அடுத்த நிமிஷம் கான்ஸ்டபிளின் கையில் தடி இருந்தது, வாயில் விசில் இருந்தது. அய்யாக்கண்ணு வண்டியையும் கல்லையும் அங்கேயே போட்டுவிட்டுத் தண்டவாளத்தோடு ஓடினார்.

"நான்தான் கொல்லப் போறேன்னு நெனச்சுட்டான்டி" என்று கனகவல்லியிடம் மூச்சு வாங்கினார். "கல்லு அவன்கிட்ட கீது. என் மூஞ்சியையும் பாத்துட்டான். நாளைக்கு ஸ்டான்லி செத்தா நானும் செத்தேன்."

இந்தத் தடவை கனகவல்லி சிரிக்கவில்லை. "அப்ப அந்தாளு சாவாம பாத்துக்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அய்யாக்கண்ணு ஹப்சிகுடா ஏரிக்கரையில் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஸ்டான்லி சொன்னபடியே நடந்தது. இருபது பேர் வந்தார்கள். வெள்ளையுடுத்திக் கரையில் நின்று பாடினார்கள். மார்பளவு தண்ணீரில் நீண்ட வெள்ளை அங்கியோடு ஒரு தடித்த மனிதர் நின்றார். பூணூலைக் காணோம். ஐயர்தான் வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்! இரண்டு தடியர்கள் ஸ்டான்லியை ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரிடம் நடத்திக்கொண்டு போனார்கள்.

தடித்தவர் ஸ்டான்லியின் பிடரியில் ஒரு கையை வைத்து மறு கையை உயர்த்தினார்.

"விடுங்கடா அவரை!" என்று கத்திக்கொண்டு அய்யாக்கண்ணு தண்ணீரில் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் தடித்தவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து முங்கினார். தடியர்கள் ஸ்டான்லியை விட்டுவிட்டுத் தடித்தவரைத் தூக்க ஓடினார்கள். ஸ்டான்லி கரையேறினார். ஒரு நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

"மேஸ்திரி! ஐயரை விடுங்க மேஸ்திரி!" என்று கரையிலிருந்து அலறினாள் ஜெயசுந்தரி. "இது ஞானஸ்நானம்!"

"இன்னாது?"

"ஞானஸ்நானம்! ஐயருன்னா எங்க சபைப் போதகர்! பழைய மனுஷன்னா பழைய நடத்தை, பழைய குடி. அதைத் தண்ணியில அடக்கம் பண்ணிட்டுப் புது மனுஷனா எந்திரிச்சு வரணும். அதுக்குத்தான் கல்லு. தினம் கண்ணுல பட்டா காம்பவுண்டுப் பக்கம் கால் போகாதுல்லா!"

போதகர் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். "முப்பது வருஷமா எத்தனையோ பேரை முக்கியிருக்கேன்" என்றார். "என்னை முக்கினது நீங்கதான்."

ஜெயசுந்தரி கரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "மூணு வருஷமா மன்றாடி இன்னைக்குத்தான் தண்ணி வரைக்கும் கூட்டியாந்தேன். பயந்து எங்க ஓடினாரோ. இனிமே வரவே மாட்டாரு."

அய்யாக்கண்ணு அவமானத்தில் குறுகிப் போனார். தன் கழுத்துக்குக் கயிறு வராது என்ற சந்தோஷம்கூட அவருக்கு வரவில்லை. பதினெட்டு வருஷம் கஷ்டப்பட்ட ஒரு பெண்ணின் நல்ல நாளைத் தன் சந்தேக புத்தி கெடுத்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அழாதீங்கம்மா. அவரை மெரட்டி வெச்சது நான்தான். நானே கூட்டிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சொட்டச் சொட்ட நடந்தார்.

மண் பாதையில் ஈரக்கால் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. அது எங்கேயும் தயங்கவில்லை, ஒரு வளைவில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கள்ளுக் காம்பவுண்டு வாசலில் போய் நின்றது. அங்கே பெருமாள் என்கிற வேலையாள் மொந்தைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஸ்டான்லி வந்தாராப்பா?" என்றார் அய்யாக்கண்ணு. "பாவம், ரொம்பப் பயந்து போயிருப்பாரு. எல்லாம் என் சந்தேகத்தால வந்த வினை. நான் மன்னிப்புக் கேக்கணும்."

பெருமாள் அவரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தான். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஓ, அந்தக் கல்லு மேஸ்திரி நீங்கதானா? வாசல்ல கல்லு நடற யோசனையே ஸ்டான்லி சாரோடதாச்சே! ‘வேலையை மெட்டுகுடாவுலயே பெரிய சந்தேகப் பிராணிகிட்டப் பாத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழமை அந்தாளே வந்து என்னைக் கரையேத்திடுவாரு, ஏழரை மணிக்கு ஒரு மொந்தை எடுத்து வை’ன்னு போன மாசமே சொல்லிட்டாருங்களே!"