கையெழுத்துக்கு முன் சொல்ல வேண்டியது

“இதையும் சொல்லிடறேன் சார்,” என்றார் ஏஜென்ட்.

சலவைக் கடைக்காரர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். இந்த ஒரு குரூப் பாலிசி விற்றால் ஏஜென்ட்டின் வேலை தங்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் வீட்டில்தான். ஆனால் சின்னக் கடைகளுக்கு மருத்துவக் காப்பீடு விற்பவர், பிரீமியம் எதனால் ஏறும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அது விதி. சொல்லாமல் விற்ற சக ஏஜென்ட்டின் லைசென்ஸ் போன மாதம்தான் பறிபோனது.

“வேலை செய்யறவங்க வயசைப் பொறுத்து பிரீமியம் ஏறும்.”

பேனா நின்றது. கடைக்காரர் நீராவிக்கு நடுவே சட்டை தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரரைப் பார்த்தார். அவர் அந்த நேரம் பார்த்து இருமித் தொலைத்தார்.

“அண்ணே, நாளைலேர்ந்து நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க.”

“ஐயோ முதலாளி! இது வெறும் தொண்டைக் கமறல்!”

பெரியவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று ஏஜென்ட் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“வயசானவங்களால மட்டும் இல்ல சார்! சின்ன வயசுக்காரங்களாலயும் ஏறும். பிரசவச் செலவெல்லாம் வருதுல்ல?”

காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். கடைக்காரர் பட்டன் தைக்கும் பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் மடியிலிருந்த கோட்டை மெல்ல வயிறுவரை இழுத்துக்கொண்டாள்.

“எத்தனை மாசம்?”

“யோவ், உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” என்று அவள் ஏஜென்ட் மேல் பாய்ந்தாள். “என் புருஷனுக்கே இன்னும் சொல்லலய்யா!”

“நீயும் நாளைலேர்ந்து வர வேணாம்மா.”

மூலையில் கடைக்காரரின் மனைவி துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்திக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் இல்லாத கடையில் ஆள் நிற்பதில்லை என்று ஏஜென்ட்டை வரவழைத்ததே அவர்தான். இப்போது தலைகூட நிமிரவில்லை.

“யாரையும் அனுப்பாதீங்க சார்!” ஏஜென்ட் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். “இவங்கல்லாம் சில்லறை. ஏற்கெனவே இருக்கிற வியாதிதான் பிரீமியத்தை எங்கேயோ கொண்டு போகும். உங்களுக்கு ஏதாவது...?”

“எனக்கா? சுகர், பிரஷர். கிட்னியில கல்லு. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்.” வாங்கிய மெடல்களைச் சொல்வதுபோல் சொன்னார். “என்னோடதெல்லாம் கணக்குல வராதுல்ல?”

“வரும் சார். கடையில வேலை செய்யற எல்லாரும் கணக்குதான். சொல்லப்போனா, பிரீமியத்துல பாதி உங்களாலதான்.”

கடைக்காரர் பேனாவுக்கு மூடியைப் போட்டார். பாலிசியும் போச்சு, வேலையும் போச்சு என்று ஏஜென்ட் பையை மூடினார்.

மூலையில் சீட்டு குத்தும் சத்தம் நின்றது.

“தம்பி, கடை என் பேர்லதான் இருக்கு,” என்றார் மனைவி. “இவரை வேலையை விட்டு எடுத்துட்டா எவ்வளவு குறையும்?”